கார்டில் ‘ஓ பாசிட்டிவ்’... ஆனால் ஒரு பை ரத்தம்கூடச் சேரவில்லை! - ஆபரேஷனுக்கு முன் கண்டுபிடிக்க வேண்டிய அரிய ரத்த வகைகள்

கர்நாடகாவின் கோலார் பகுதியைச் சேர்ந்த 38 வயதுப் பெண் அவர். இதய ஆபரேஷனுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார். எல்லோருக்கும் செய்வதுபோல அவருக்கும் ரத்த வகை பார்த்தார்கள். ‘ஓ பாசிட்டிவ்’ என்று வந்தது. நம் ஊரில் தட்டுப்பாடு இல்லாமல் கிடைக்கிற வகை. யாரும் கவலைப்படவில்லை.

ஆபரேஷனில் தேவைப்படலாம் என்று ஓ பாசிட்டிவ் ரத்தத்தை எடுத்து, அவருடைய ரத்தத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்தபோதுதான் சிக்கல் ஆரம்பித்தது. முதல் பை சேரவில்லை. அடுத்ததும் சேரவில்லை. எதை வைத்துப் பார்த்தாலும் அவருடைய ரத்தம் அதை எதிர்த்தது.

மாதிரி, ரோட்டரி பெங்களூரு டிடிகே ரத்த மையத்தின் சிறப்பு ஆய்வுக்கூடத்துக்குப் போனது. அங்கும் அதே கதைதான். குடும்பத்திலாவது யாருக்காவது பொருந்துமா என்று சொந்தக்காரர்கள் 20 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். ஒருவருக்கும் பொருந்தவில்லை. கடைசியில், வெளி ரத்தம் ஒரு சொட்டுக்கூட ஏற்றாமலே மருத்துவர்கள் மிகக் கவனமாக ஆபரேஷனை முடித்தார்கள். அந்தப் பெண்ணின் ரத்த மாதிரி இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் இருக்கும் சர்வதேச ரத்த வகை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பப்பட்டது. சுமார் 10 மாத ஆராய்ச்சிக்குப் பிறகு, இது அதுவரை உலகில் யாரிடமும் பதிவாகாத ரத்த வகை என்று உறுதியானது. 2025 ஜூன் மாதம் இத்தாலியின் மிலன் நகரில் நடந்த சர்வதேச ரத்த மாற்று மருத்துவ மாநாட்டில் அதை அறிவித்தார்கள். பெயர், ‘கிரிப்’. ‘க்ரோமர்’ என்ற ரத்த வகை அமைப்பின் முதல் எழுத்துகளோடு, இந்தியா, பெங்களூரு இரண்டின் முதல் எழுத்துகளையும் சேர்த்து வைத்த பெயர்.

‘உலகிலேயே இந்த ஒரு பெண்ணுக்கு மட்டும்தான்!’ என்று அப்போது எல்லா இணையதளங்களும் தலைப்பு போட்டன. ஆச்சர்யம்தான், மறுக்கவில்லை. ஆனால், அந்தச் செய்தியில் என்னை நிறுத்தியது வேறொன்று. அந்தப் பொருத்தப் பரிசோதனையை யாராவது ‘ஓ பாசிட்டிவ்தானே, ஏத்துங்க’ என்று அவசரத்தில் தாண்டிப் போயிருந்தால்?

நாலு எழுத்தில் முடிகிற விஷயமில்லை

1901-ல் கார்ல் லேண்ட்ஸ்டைனர் ரத்தத்தை வகை பிரித்துக் காட்டினார். அதற்காக 1930-ல் நோபல் பரிசும் பெற்றார். ஏ, பி, ஓ, ஏபி என்ற நான்கு வகைகள், கூடவே பாசிட்டிவ், நெகட்டிவ். நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பள்ளி ஐடி கார்டில், டிரைவிங் லைசென்ஸில், வாட்ஸ்அப் ‘அவசர உதவி’ மெசேஜில் எல்லாம் இந்த எட்டில் ஒன்றுதான் இருக்கும்.

உண்மையில் சிவப்பணுவின் மேல்பரப்பு ஒரு பெரிய ஊர்த் திருவிழா மாதிரி. அங்கே நூற்றுக்கணக்கான ஆன்டிஜென்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஏபிஓ, ஆர்ஹெச் இரண்டைத் தவிர கெல், டஃபி, கிட், க்ரோமர் என்று இதுவரை 40-க்கும் மேற்பட்ட ரத்த வகை அமைப்புகளை விஞ்ஞானிகள் பட்டியலிட்டிருக்கிறார்கள். இந்த ஆன்டிஜென்களில் சில, உலகில் கிட்டத்தட்ட எல்லோரிடமும் இருப்பவை. எல்லோரிடமும் இருப்பது ஒருவரிடம் மட்டும் இல்லை என்றால்தான் அவர் ‘அரிய ரத்த வகை’க்காரர். அவருடைய உடம்புக்கு அந்த ஆன்டிஜென் அந்நியம். அதற்கு எதிரான ஆன்டிபாடி அவரிடம் உருவாகிவிட்டால், ஊரில் இருக்கும் ரத்தமெல்லாம் அவருக்கு விஷம்.

இந்த ஆன்டிபாடி எப்படி வருகிறது என்பது முக்கியம். பெரும்பாலானவை முன்பு ரத்தம் ஏற்றியதாலோ, கர்ப்பத்தின்போது குழந்தையின் ரத்த அணுக்கள் தாயின் ரத்தத்தில் கலந்ததாலோ உருவாகின்றன. அதனால்தான் முதல் தடவை ரத்தம் ஏற்றியபோது எந்தப் பிரச்னையும் வராத ஒருவருக்கு, பல வருடம் கழித்து அடுத்த தடவை ஏற்றும்போது பிரச்னை வரலாம். ‘போன தடவை ஏத்தினப்போ நல்லாத்தானே இருந்தாங்க’ என்பது இங்கே செல்லாத வாதம்.

பம்பாயில் கிடைத்த புதிர்

அரிய ரத்த வகைகளில் நம் நாட்டோடு பெயரிலேயே ஒட்டிக்கொண்டது ‘பாம்பே ரத்த வகை’. 1952-ல் பம்பாயைச் சேர்ந்த மருத்துவர் ஒய்.எம்.பெண்டேயும் தேஷ்பாண்டே, பாட்டியா உள்ளிட்ட அவருடைய சகாக்களும் இங்கிலாந்து விஞ்ஞானிகளோடு சேர்ந்து ‘லான்செட்’ மருத்துவ இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். பார்ப்பதற்கு ஓ மாதிரியே இருக்கிற, ஆனால் ஓ ரத்தத்தையே எதிர்க்கிற ஒரு ரத்தம்.

இதைப் புரிந்துகொள்ள வீடு கட்டுகிற கணக்கு போதும். ஏ, பி ஆன்டிஜென்கள் இரண்டும் மாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்குக் கீழே ‘ஹெச்’ என்ற அஸ்திவாரம் இருக்கிறது. அஸ்திவாரத்தின் மேல் ஏ மாடி எழுப்பினால் ஏ வகை. பி மாடி எழுப்பினால் பி. இரண்டும் இருந்தால் ஏபி. மாடியே இல்லாமல் அஸ்திவாரம் மட்டும் இருந்தால் ஓ. பாம்பே வகைக்காரர்களிடம் அந்த அஸ்திவாரமே கிடையாது. அஸ்திவாரம் இல்லாததால் மாடியும் இல்லை. மேலோட்டமாகப் பார்க்கும் பரிசோதனை ‘ஏ இல்லை, பி இல்லை, அப்படியென்றால் ஓ’ என்று சொல்லிவிடும்.

ஆனால், அவர்களுடைய ரத்தத்தில் ஏ-வுக்கு எதிராக, பி-க்கு எதிராக, ஹெச்-சுக்கு எதிராக என மூன்று ஆன்டிபாடிகள் பிறவியிலேயே தயாராக இருக்கும். ஓ ரத்தத்தில்தான் ஹெச் மிக அதிகம். ஆக, ‘யாருக்கும் கொடுக்கலாம்’ என்று நாம் நம்பும் ஓ ரத்தம்தான் இவர்களுக்கு மிக ஆபத்தானது. பாம்பே வகைக்கு இன்னொரு பாம்பே வகை ரத்தத்தை மட்டும்தான் ஏற்ற முடியும்.

இந்தியாவில் சுமார் 10,000 பேரில் ஒருவருக்கு இந்த வகை இருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஐரோப்பாவில் 10 லட்சம் பேரில் ஒருவர். ஏன் இங்கே அதிகம்? தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரே மாதிரிக் குறையுள்ள மரபணு வந்தால்தான் இந்த வகை அமையும். அக்கா மகள், மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள்ளேயே திருமணம் செய்யும் குடும்பங்களில் அந்த வாய்ப்பு கூடுகிறது. தென்னிந்தியாவில் இருக்கிற நமக்கு இது தூரத்து விஷயமில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். ‘அப்பா ஏபி, பிள்ளை ஓ... எப்படி?’ என்று கேட்டுக் குடும்பத்தில் சந்தேகத்தைக் கிளப்புகிறவர்கள் உண்டு. பள்ளிப் பாடத்தின்படி அது நடக்காது. பாம்பே வகை அந்தப் பாடத்துக்கு விதிவிலக்கு. பிள்ளையின் மரபணுவில் ஏ-வோ பி-யோ இருக்கும், அஸ்திவாரம் இல்லாததால் வெளியே தெரியாது. ஐடி கார்டில் இருக்கும் ரத்த வகையை வைத்து ஒரு பெண்ணை யாரும் கூண்டில் ஏற்ற வேண்டாம்.

‘ஓ பாசிட்டிவ்தானே, எடுத்துக் குடுங்களேன்!’

இது நான் சொன்ன வசனம். என் பெரியம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். கையில் ஃபாரத்தோடும் ரத்தக் குழாயோடும் ரத்த வங்கி ஜன்னலில் நின்றேன். ஒரு மணி நேரம் ஆனது. பொறுமை போய், “அண்ணா, ஓ பாசிட்டிவ்தானே, எடுத்துக் குடுங்களேன்” என்றேன். உள்ளே இருந்தவர் பதில் சொல்லாமல், பெரியம்மாவுக்கு எத்தனை பிரசவம், கரு கலைந்ததுண்டா, முன்பு ரத்தம் ஏற்றியிருக்கிறார்களா என்று கேட்டு எழுதிக்கொண்டார். ஃபாரத்தை நிரப்புவதற்காகக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். பெரியம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்கவே கூச்சமாக இருந்தது. இந்தக் கட்டுரைக்காகப் படித்தபோதுதான், அந்த மூன்று கேள்விகளும் எவ்வளவு பெரியவை என்று புரிந்தது.

அந்த ஜன்னலுக்குப் பின்னால் நடப்பது இதுதான்.

முதலில், நோயாளியின் சிவப்பணுவை எடுத்து, ஏ-வைக் கண்டுபிடிக்கும் திரவம் ஒன்று, பி-யைக் கண்டுபிடிக்கும் திரவம் ஒன்று என்று கலந்து பார்ப்பார்கள். திரிதிரியாகக் கட்டிக்கொண்டால் அந்த ஆன்டிஜென் இருக்கிறது என்று அர்த்தம். முகாம்களில் விரல் நுனியில் குத்தி, கண்ணாடித் தகட்டில் வைத்துச் சொல்வது இந்தப் பாதியை மட்டும்தான். உங்கள் கார்டில் இருப்பதும் அநேகமாக இந்தப் பாதி விடைதான்.

இரண்டாவது பாதி, இதைத் திருப்பிப் போடுவது. நோயாளியின் சீரத்தை, அதாவது அணுக்கள் நீங்கிய தெளிந்த திரவத்தை எடுத்து, ஏற்கெனவே வகை தெரிந்த ஏ அணு, பி அணு, ஓ அணு மூன்றோடும் தனித்தனியாகக் கலப்பார்கள். சாதாரண ஓ வகைக்காரரின் சீரம் ஏ-வையும் பி-யையும் எதிர்க்கும், ஓ-வை விட்டுவிடும். பாம்பே வகைக்காரரின் சீரம் மூன்றையும் எதிர்க்கும்.

அந்த மூன்றாவது குழாயில்தான் எல்லாமே இருக்கிறது. ஏ, பி அணுக்களோடு மட்டும் நிறுத்திவிட்டால் பாம்பே வகை அச்சு அசல் ஓ மாதிரியே தப்பித்துப் போய்விடும். ஓ அணு வைத்த குழாயிலும் கட்டி விழுந்தால், ஆய்வகத்தில் இருப்பவர் நிமிர்ந்து உட்கார வேண்டிய நேரம். அடுத்து ‘ஹெச்’ இருக்கிறதா என்று நேரடியாகப் பார்ப்பார்கள். அதற்குப் பயன்படுவது, ஐரோப்பாவில் வேலியோரம் மஞ்சள் பூப்பூக்கும் ஒரு முள்செடியின் விதையிலிருந்து எடுக்கும் புரதம். அந்தச் செடியின் பெயர் யூலெக்ஸ். சாதாரண ஓ அணுவோடு இது சேர்ந்தால் நன்றாகக் கட்டும். பாம்பே அணுவோடு சேர்ந்தால் ஒன்றும் நடக்காது.

மூன்றாவது, ஆன்டிபாடி ஸ்கிரீனிங். ஏபிஓ தவிர்த்த மற்ற முக்கிய ஆன்டிஜென்கள் என்னென்ன இருக்கின்றன என்று தெரிந்த ஓ அணுக்களை நோயாளியின் சீரத்தோடு கலந்து, உடல் சூட்டில் வைத்து, ‘கூம்ப்ஸ்’ திரவம் விட்டுப் பார்ப்பது. 1945-ல் கூம்ப்ஸும் அவருடைய சகாக்களும் கொண்டுவந்த முறை இது. கண்ணுக்குத் தெரியாமல் அணுவின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் ஆன்டிபாடிகளை இது காட்டிக்கொடுத்துவிடும். எல்லா இடத்திலும் இது வழக்கமாகச் செய்யப்படுவதில்லை என்பதுதான் வருத்தமான விஷயம்.

நான்காவது, நமக்குப் பெயர் தெரிந்த ‘கிராஸ் மேட்ச்’. ஏற்றப்போகும் அதே பையிலிருந்து சில சொட்டு எடுத்து, நோயாளியின் சீரத்தோடு பொருத்திப் பார்ப்பது. இதிலும் இரண்டு விதம். கலந்து, சுழற்றி, உடனே பார்த்துச் சொல்வது ஒன்று. ஏபிஓ தவறு இருந்தால் அது காட்டும். உடல் சூட்டில் வைத்து கூம்ப்ஸ் வரைக்கும் போவது இன்னொன்று. முன்பு ரத்தம் ஏற்றியவருக்கும், பிள்ளை பெற்றவருக்கும் இந்த இரண்டாவதுதான் பாதுகாப்பு. அதற்குத்தான் அந்த ஒரு மணி நேரம். பெரியம்மாவிடம் கேட்கச் சொன்ன கேள்விகளும் அதற்குத்தான்.

கடந்த மூன்று மாதத்துக்குள் ரத்தம் ஏற்றியவர் அல்லது கர்ப்பமாக இருந்தவர் என்றால், பழைய மாதிரியை வைத்து ஓட்ட மாட்டார்கள். மூன்று நாளைக்கு ஒரு தடவை புது மாதிரி கேட்பார்கள். புது ஆன்டிபாடி அதற்குள் முளைத்திருக்கலாம். ‘திரும்பத் திரும்பக் குத்துறாங்களே’ என்று கோபப்படாதீர்கள்.

மயக்கத்தில் இருப்பவர் சொல்ல மாட்டார்

சேராத ரத்தம் உள்ளே போனால் என்ன ஆகும்? ஏற்றிய சிவப்பணுக்கள் உடைந்து நொறுங்கும். காய்ச்சல், குளிர் நடுக்கம், இடுப்பு வலி, நெஞ்சு இறுக்கம், ரத்த அழுத்தம் சரிவது, சிறுநீர் கறுத்துச் சிவப்பாக வருவது, அதைத் தொடர்ந்து சிறுநீரகம் செயலிழப்பது என்று போகும். உயிரே போகலாம். வார்டில் படுத்திருப்பவர் என்றால் ‘சிஸ்டர், குளிருது’ என்று முதல் சில நிமிடங்களிலேயே சொல்லிவிடுவார். குழாயை நிறுத்திவிடலாம்.

ஆபரேஷன் மேசையில் மயக்கத்தில் இருப்பவர் எதையும் சொல்ல மாட்டார். அழுத்தம் குறைவதும், வெட்டிய இடத்தில் ரத்தம் நிற்காமல் கசிவதும், சிறுநீர்ப் பையில் நிறம் மாறுவதும்தான் அறிகுறி. ஆபரேஷனில் அழுத்தம் குறைய வேறு ஆயிரம் காரணம் இருக்கும். ‘ரத்தம் போகுது, இன்னொரு பை ஏத்துங்க’ என்று முடிவெடுத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். அதனால்தான் இதைக் கண்டுபிடிக்கச் சரியான நேரம், மயக்க மருந்து கொடுப்பதற்குச் சில நாள்கள் முன்பு.

2024 மே மாதம் மத்தியப்பிரதேசத்தில் நடந்ததை இங்கே சொல்லலாம். ஆபரேஷனின்போது ஒரு பெண்ணுக்கு ஓ பாசிட்டிவ் ரத்தம் ஏற்றப்பட்டு, அவர் நிலைமை மோசமானது. இந்தூருக்குக் கொண்டுபோன பிறகுதான் அவர் பாம்பே வகை என்று தெரியவந்தது. செய்தி கேட்டு, மகாராஷ்டிராவிலிருந்து ஒரு பூ வியாபாரி 400 கிலோமீட்டருக்கு மேல் காரில் வந்து ரத்தம் கொடுத்தார். அந்தப் பெண் தேறினார். எல்லோருக்கும் அப்படி ஒரு கார் வந்து சேரும் என்று சொல்ல முடியாது.

முன்கூட்டியே தெரிந்துவிட்டால்...

அரிய வகை என்று தெரிந்தால் ஆபரேஷனே நடக்காது என்று பயப்பட வேண்டாம். நாள் குறித்துச் செய்யும் ஆபரேஷன் என்றால் வழிகள் நிறைய இருக்கின்றன.

முதலில் தேட வேண்டியது உடன்பிறந்தவர்களை. அப்பா, அம்மா இருவரும் அந்த மரபணுவைச் சுமப்பவர்கள் என்றால், ஒவ்வொரு அண்ணன், தங்கைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அடுத்து, நோயாளியே தனக்காகத் தானம் செய்வது. உடல்நிலை அனுமதித்தால், சில வாரங்களுக்கு முன்பே அவருடைய ரத்தத்தை எடுத்து அவர் பெயரிலேயே வைத்திருக்கலாம். கெடாமல் இருக்கச் சேர்க்கும் திரவத்தைப் பொறுத்து 35 முதல் 42 நாள் வரை தாங்கும். ரத்தசோகை இருந்தால் முதலில் இரும்புச்சத்து மாத்திரையோ ஊசியோ கொடுத்து ஹீமோகுளோபினை ஏற்றிவிடுவார்கள். ஆபரேஷனில் சிந்தும் ரத்தத்தை உறிஞ்சி, கழுவி, அவருக்கே திரும்ப ஏற்றும் கருவியும் உண்டு.

இவையெல்லாம் போதாவிட்டால் பதிவேடு. மும்பையில் ஐசிஎம்ஆரின் ரத்தவியல் ஆய்வு நிறுவனம் அரிய ரத்தக் கொடையாளர் பதிவேட்டைப் பராமரிக்கிறது. பிரிஸ்டலில் உலக அளவிலான பட்டியல் இருக்கிறது. கர்நாடகாவில் கொடுத்த பாம்பே ரத்தம் கடல் கடந்து மியான்மருக்குப் போனதும் நடந்திருக்கிறது. சில நாடுகளில் இத்தகைய ரத்தத்தை கிளிசரால் சேர்த்து, மைனஸ் 65 டிகிரிக்கும் கீழே உறையவைத்து 10 வருடம் வரை வைத்திருக்கிறார்கள். உருக்கிக் கழுவிய பிறகு பொதுவாக 24 மணி நேரத்துக்குள் ஏற்றிவிட வேண்டும் என்பதால், அதற்கும் முன்கூட்டியே தகவல் போக வேண்டும்.

‘தங்க ரத்தம்’ என்று இணையத்தில் சுற்றும் ஆர்ஹெச் நல் வகையையும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆர்ஹெச் ஆன்டிஜென் ஒன்றுகூட இல்லாத ரத்தம். 1961-ல் ஆஸ்திரேலியப் பழங்குடிப் பெண் ஒருவரிடம் முதலில் கண்டறியப்பட்டது. உலகம் முழுக்க 50 பேருக்கும் குறைவானவர்களிடமே பதிவாகியிருக்கிறது. தங்கம் என்ற பெயர் மற்றவர்களுக்குத்தான். அவர்களுக்கே ரத்தம் தேவைப்பட்டால் உலகப் படத்தை விரித்துத் தேட வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் தேதி குறித்தால், ரத்தம் ‘ஏற்பாடு’ செய்வதற்கு முந்தைய நாள் மாலை வரை காத்திருக்காதீர்கள். ரத்த வகைப் பரிசோதனையை அந்த மருத்துவமனையிலோ ரத்த வங்கியிலோ புதிதாகச் செய்யச் சொல்லுங்கள், பழைய கார்டை நீட்ட வேண்டாம். முன்பு எப்போதாவது ரத்தம் ஏற்றியது, பிரசவங்கள், கரு கலைந்தது எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். ‘ஆன்டிபாடி ஸ்கிரீனிங் செய்வீர்களா டாக்டர்?’ என்று கேட்பதில் தவறே இல்லை. ரத்தம் எடுக்கும்போது குழாயில் ஒட்டும் பெயரும் எண்ணும் நோயாளியுடையதுதானா என்று பாருங்கள். அரிய வகையைவிட, பக்கத்துக் கட்டில்காரரின் குழாய் மாறிப்போவது இன்னும் சாதாரணமாக நடக்கக்கூடிய ஆபத்து.

எப்போதாவது ‘கிராஸ் மேட்ச் சேரலை, வேற பை பார்க்கணும்’ என்று ரத்த வங்கியில் சொன்னால், காரணத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் காகிதத்தைப் பத்திரப்படுத்தி, போனில் ஒரு போட்டோவும் எடுத்து, வீட்டில் எல்லோருக்கும் அனுப்பிவைங்கள்.

ஒருவேளை உங்களுக்கே அரிய வகை என்று தெரியவந்தால், உடனே போய்த் தானம் கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டாம். பாம்பே வகை ரத்தம் பையில் ஒரு மாதம்தான் இருக்கும். அதற்குள் தேவைப்படுபவர் வராவிட்டால் வீண். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு தடவைதான் ரத்தம் கொடுக்கலாம் என்பதால், நீங்கள் கொடுத்த மறுவாரம் யாராவது தேடி வந்தால் உங்களால் கொடுக்க முடியாமலும் போகலாம். அதனால் பதிவேட்டில் பெயரையும் நம்பரையும் கொடுத்துவிட்டு, அழைப்பு வரும்போது போவதுதான் இவர்களுடைய வழக்கம். நம்பர் மாறினால் சொல்லிவிட வேண்டும். தெரியாத நம்பரிலிருந்து இரவு 11 மணிக்கு போன் வந்தாலும் எடுத்துவிட வேண்டும்.